தேங்காயும் அப்பளமும்

பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வாசலில் தேங்காய் சிதறும் சத்தம் கேட்காத நாள் கிடையாது. கிழக்குக் கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கிச் சாலைக் கடைத்தெருவுக்குப் போகும் நம்மவர்கள், நின்று ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் போவோம். இராணுவத்தின் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பொறுப்பில் நடக்கும் கோயில் என்பதால் வரிசையும் ஒழுங்காகவே நகரும். அங்கே உடையும் தேங்காயிலிருந்தே இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

ஒரு தேங்காயைத் தரையில் வைத்து, நேர் மேலேயிருந்து பார்த்து, அதன் வெளிக்கோட்டை மட்டும் காகிதத்தில் வரையுங்கள். வட்டம் கிடைக்கும். பக்கத்தில் ஓர் அப்பளத்தை வைத்து அதையும் அப்படியே வரையுங்கள். அதுவும் வட்டம்தான். எது தேங்காய், எது அப்பளம் என்பது வரைந்தவருக்குத் தெரியும். மறுநாள் அந்தக் காகிதத்தை எடுத்துப் பார்க்கிறவருக்குத் தெரியாது. கட்டடம் வரையும் மென்பொருள்களில் இந்தக் குழப்பம்தான் பெரிய உருவம் எடுத்து நிற்கிறது.

பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கும் என் தங்கை மகன் சென்ற மாதம் மடிக்கணினியோடு வந்து உட்கார்ந்தான். "மாமா, இதிலே எது 2டி, எது 3டின்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிளானிலே பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி இருக்கே!" என்றான். நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று சிவிலும் ஆர்க்கிடெக்சரும் படிக்கும் பிள்ளைகள் பலர். அவர்களுக்கும், சொந்தமாக ஒரு வீடு கட்ட எண்ணி டிராப்ட்ஸ்மேனிடம் படம் வாங்கப்போகும் பெரியவர்களுக்கும் பயன்படட்டும் என்று, அவனுக்குச் சொன்னதையே சற்று விரித்து எழுதுகிறேன்.

நம் சிற்பிகள் இந்த வேறுபாட்டுக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். எல்லாப் பக்கமும் முழுமையாகச் செதுக்கிய உருவத்துக்குச் சிற்ப நூல்கள் தரும் பெயர் சித்திரம். சுவரிலிருந்தோ தூணிலிருந்தோ பாதி மட்டும் புடைத்து நிற்பது அர்த்தசித்திரம். சுவரில் வண்ணத்தால் தீட்டியது சித்திராபாசம். 'ஆபாசம்' என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். வடமொழியில் அதற்குப் 'போலத் தோன்றுவது' என்று பொருள். சித்திரம் போலத் தோன்றுகிறது, ஆனால் சித்திரம் அல்ல. இருபரிமாணத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை நான் எந்தக் கணினிப் புத்தகத்திலும் பார்த்ததில்லை.

பழவங்காடியிலிருந்து நாலு எட்டு நடந்தால் பத்மநாபசுவாமி கோயில். ஏழு நிலைக் கோபுரத்தில் சுதையால் செய்து ஒட்டிய உருவங்களும், உள்ளே பிரகாரத் தூண்களில் விளக்கேந்தி நிற்கும் பாவைகளும் அர்த்தசித்திரம். கருவறையின் வெளிச்சுவரில் தீட்டியிருப்பது சித்திராபாசம். முழுச் சித்திரம் பார்க்க வேண்டுமானால் கன்னியாகுமரிக்குப் போங்கள். 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் திறக்கப்பட்ட, கணபதி ஸ்தபதியார் வடித்த 133 அடித் திருவள்ளுவர் சிலையைப் படகில் போய்ச் சுற்றி வந்து முதுகுப் பக்கத்தையும் பாருங்கள். நம் வீடுகளில் மாட்டியிருக்கும் அதே சிலையின் போட்டோவைத் திருப்பினால் வெறும் அட்டை. சுற்றிப் போய்ப் பார்த்தால் முதுகு இருக்கிறதா என்பதே முதல் சோதனை. மற்ற சோதனைகள் எல்லாம் இதன் கிளைகள்.

இனி மென்பொருளுக்கு வருவோம். 1982-இல் ஆட்டோகேட் வந்தபோது அது பலகையில் டி-ஸ்கொயர் வைத்து வரைந்ததைத் திரையில் வரைய உதவிய கருவி. கோடு கோடாகவே இருந்தது. 2000-இல் வெளிவந்து, 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் வாங்கிய ரெவிட் போன்றவை வேறு வகை. இவற்றில் நாம் சுவரை வரைவதில்லை, சுவரை எழுப்புகிறோம். அதிலிருந்து பிளானும் எலிவேஷனும் செக்‌ஷனும் தானாகக் கிடைக்கின்றன. ஆனால் அதே மென்பொருளுக்குள் பழைய வழக்கப்படி வெறும் கோடாக வரையவும் வசதி வைத்திருக்கிறார்கள். அது தேவைதான். சிக்கல் என்னவென்றால், முடிந்த படத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே கறுப்பு மையில் வந்து நிற்கின்றன.

ரெவிட்டில் ஆயத்தமாகக் கிடைக்கும் கதவு, ஜன்னல், நாற்காலி, வாஷ்பேசின் எல்லாவற்றுக்கும் 'காம்போனென்ட்' என்று பொதுப்பெயர். அவை இருக்கும் கோப்பை 'ஃபேமிலி' என்கிறார்கள். முப்பரிமாணக் கட்டிலும் ஃபேமிலி கோப்புதான், கட்டில் போல வரைந்த தட்டைப் படமும் ஃபேமிலி கோப்புதான். கோப்பின் பெயரின் வால்பகுதி இரண்டுக்கும் ஒன்றே. எனவே பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. வகையைப் பார்க்க வேண்டும்.

வகையைப் பார்ப்பது எளிது. சந்தேகமான பொருளின் மேல் மவுஸ் அம்பைக் கொண்டுபோய்ச் சும்மா நிறுத்துங்கள். அழுத்த வேண்டாம். திரையின் அடிப்பட்டையில் மூன்று சொற்கள் வரும்: வகை, ஃபேமிலி, டைப். முதல் சொல் 'டோர்ஸ்', 'விண்டோஸ்', 'ஃபர்னிச்சர்' என்று இருந்தால் அது உருவம் உள்ள வகை. 'டீடெயில் ஐட்டம்ஸ்' என்று இருந்தால் சித்திராபாசம். பெயர் சொல்லும் எழுத்தும் அடையாளமும் 'சிம்பல்', 'டேக்' என்ற இனத்தில் வரும். அவையும் தட்டைதான். இந்த இரண்டு தட்டைகளுக்குள் ஒரு வேறுபாடு உண்டு. டீடெயில் ஐட்டம் பொருளின் நிஜ அளவில் இருக்கும், ஒரு மீட்டர் என்றால் ஒரு மீட்டர். சிம்பல் காகிதத்தின் அளவைச் சார்ந்தது. படத்தின் ஸ்கேலை மாற்றினாலும் தாளில் அதே பருமனில் நிற்கும்.

இரண்டாவது வழி, மேலே சிறு வீடு போல இருக்கும் பொத்தானை அழுத்துவது. முப்பரிமாணக் காட்சி திறக்கும். பிளானில் இருந்த பொருள் அங்கே இல்லையென்றால் அது தட்டையாக இருக்கக்கூடும். 'கூடும்' என்று இழுக்கிறேனே, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது வழியை நான் அதிகம் நம்புகிறேன். கணக்குக் கேட்பது. 'ஷெட்யூல்' என்ற வசதியில் ஜன்னல் பட்டியல் கேட்டால், ஜன்னல் என்ற வகையில் வைத்த ஒவ்வொன்றையும் மென்பொருள் எண்ணிக் கொடுத்துவிடும். ஜன்னல் போல வரைந்த டீடெயில் ஐட்டம் அந்தப் பட்டியலில் ஏறாது. அச்சடித்த பிளானில் விரல் வைத்து எண்ணுங்கள், பட்டியலோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் எங்கோ அப்பளம் இருக்கிறது. தச்சாசாரிக்குப் போகும் கணக்கு அந்தப் பட்டியல்தான் என்பதால் இது பணத்தோடு சம்பந்தப்பட்ட சோதனை.

இனி, இந்த விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன், பழவங்காடியிலிருந்து கூப்பிடு தூரத்தில், நம்மவர் ஒருவருக்குக் கட்டடம் வரைந்து கொடுத்தேன். பாத்திர வியாபாரி. கீழே கடை, முதல் மாடியில் சரக்கு அறை, அதற்கு மேல் குடியிருப்பு. இடம் நெருக்கடி, படிக்கட்டுக்கு ஒதுக்கியது அளந்து அளந்து ஒதுக்கியது. படியேறும்போது தலைக்கு மேல் 2.2 மீட்டர் இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்லும் அளவு. படத்தில் 2.22 இருந்தது. முப்பரிமாணக் காட்சியை அவருக்கும் அவர் மனைவிக்கும் திரையில் ஓட்டிக் காட்டினேன். "படி நல்லா காத்தோட்டமா இருக்கு தம்பி" என்று அந்த அம்மாள் சந்தோஷப்பட்டார்கள்.

வேலை நடந்து முதல் மாடித் தளத்துக்குச் சென்டரிங் அடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். போன் வந்தது. "ஸார், கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க. பீமு தலையிலே இடிக்கும் போலிருக்கு" என்றார். போனேன். படிக்கட்டின் குறுக்கே, தளத்தின் ஓரத்தில், பீமுக்குப் பலகை அடித்திருந்தது. 60 சென்டிமீட்டர் ஆழ பீம். 12 தளத்தோடு போக மீதி 48 கீழே தொங்குகிறது. டேப் வைத்துப் பார்த்தால் படியிலிருந்து 1.74 மீட்டர். வியாபாரி நல்ல உயரம், அவர் நெற்றி இடிக்கும். அதைவிட எனக்கு உறைத்தது வேறு. அந்தப் படியில்தான் சுமட்டுக்காரர்கள் தலையில் பாத்திர மூட்டையோடு சரக்கு அறைக்கு ஏறப்போகிறார்கள்.

பீம் திடீரென்று முளைத்ததல்ல. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் கொடுத்த படத்தில் முதலிலிருந்தே இருந்தது. என் கோப்பிலும் இருந்தது! எப்படி இருந்தது என்பதில்தான் கோளாறு. என்னிடம் வேலை பார்த்த பையன், கடை வழியாக வெட்டிய செக்‌ஷனில், அந்த பீமை ஒரு டீடெயில் காம்போனென்டாக வைத்திருந்தான். செக்‌ஷன் பார்க்க அழகாக, கம்பி முதற்கொண்டு காட்டியது. நானும் பார்த்துத் தலையாட்டினேன். ஆனால் டீடெயில் காம்போனென்ட் எந்தக் காட்சியில் வைக்கிறோமோ அந்தக் காட்சியில் மட்டுமே தெரியும். படிக்கட்டு வழியாக வெட்டிய மற்றொரு செக்‌ஷனில் அது வரவில்லை. முப்பரிமாணக் காட்சியிலும் வரவில்லை. ஒன்றோடொன்று இடிக்கிறதா என்று மென்பொருள் தானே பார்த்துச் சொல்லும் சோதனையையும் ஓட்டியிருந்தேன். உருவமே இல்லாத பீம் எதில் இடிக்கும்? 'இடிப்பு ஒன்றுமில்லை' என்றது. அதையே பீமாக, ஸ்ட்ரக்சரல் ஃப்ரேமிங் என்ற வகையில் ஒருமுறை வைத்திருந்தால் எல்லாக் காட்சியிலும் அதுவே வந்து நின்றிருக்கும். அந்த அம்மாள் பாராட்டிய காற்றோட்டம் என் கோப்பில் இல்லாத பீமால் வந்த காற்றோட்டம்.

பையனைக் குறை சொல்லவில்லை. படத்தின் அடியில் இருந்த கையெழுத்து என்னுடையது. கான்கிரீட் போடுவதற்கு முன் தெரிந்ததால் தப்பித்தோம். இன்ஜினீயர் கணக்கை மறுபடி போட்டு, பீமைத் தளத்துக்கு மேலே தூக்கி நிற்கும்படி மாற்றிக் கொடுத்தார். மேல்மாடியில் அந்த ஓரத்தில் எப்படியும் கைப்பிடிச் சுவர் வர வேண்டியிருந்ததால் பீம் அதற்குள் மறைந்துவிட்டது. பலகை பிரித்து அடித்த கூலியை நான் கொடுத்தேன். பன்னிரண்டு நாள் போயிற்று. வியாபாரி ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை என்று தோன்றியது.

அந்த அனுபவத்துக்குப் பிறகு, முன்னே 'கூடும்' என்று இழுத்த விஷயத்திலும் கவனம் வந்தது. ஒரு காட்சியில் தெரியாததெல்லாம் தட்டை அல்ல, தெரிவதெல்லாம் உருவமும் அல்ல. பிளான் என்பது கட்டடத்தைத் தரையிலிருந்து ஒரு குறிப்பிட்ட உயரத்தில் கத்தி போட்டு அறுத்து, மேற்பகுதியைத் தூக்கி வைத்துவிட்டு, மேலிருந்து பார்ப்பது. ரெவிட்டில் அந்தக் கத்தி வழக்கமாக 1.2 மீட்டரில் இருக்கும். குளியலறை வென்டிலேட்டர் 1.8 மீட்டரில் இருந்தால் கத்திக்கு மேலே போய்விடுகிறது, பிளானில் தெரியாது. அது முழு உருவம் உள்ள பொருள்தான். பிளானில் காணோம் என்பதற்காகச் சில பிள்ளைகள் அதன் மேல் இன்னொரு தட்டை வென்டிலேட்டரை வரைந்து வைக்கிறார்கள். பிறகு யாராவது நிஜ வென்டிலேட்டரை நகர்த்தினால் தட்டை மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும்! கத்தியின் உயரத்தை அந்தப் பகுதிக்கு மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதுதான் முறை.

மேலே கீழே என்பதைப் பிளானில் காட்டுவது எவ்வளவு சிரமம் என்று உணர, கிழக்குக் கோட்டையில் 2022-இல் திறந்த நடைமேம்பாலத்தை நினைத்துப் பாருங்கள். 104 மீட்டர் நீளம். அதன் அடியில்தான் பஸ்ஸும் ஆட்டோவும் ஓடுகின்றன. வரைபடத் தாளில் பாலத்தின் கோடும் சாலையின் கோடும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். நாற்சந்தி என்றே நினைக்கத் தோன்றும். டபுள்டெக்கர் பஸ் அடியில் போகுமா என்பதை அந்தத் தாளிடம் கேட்டுப் பயனில்லை.

இன்னொரு ஏமாற்று, அர்த்தசித்திரம். கதவை எடுத்துக்கொள்ளுங்கள். நிலையும் பலகையும் உருவம். ஆனால் பிளானில் கதவு திறக்கும் பாதையைக் காட்டும் அந்தக் கால்வட்டம் இருக்கிறதே, அது வெறும் கோடு. நிஜத்தில் எந்தக் கதவுக்கும் அப்படியொரு வளையம் கிடையாது. ஒரே ஃபேமிலிக்குள் உருவமும் கோடும் சேர்ந்தே இருக்கின்றன. முப்பரிமாணக் காட்சியில் வளையம் மறையும், கதவு நிற்கும். 'பாதி காணாமல் போய்விட்டதே' என்று பதற வேண்டாம்.

கோடுகளிலும் இரண்டு சாதி. 'டீடெயில் லைன்' வைத்த காட்சியோடு சரி. 'மாடல் லைன்' எல்லாக் காட்சியிலும் வரும், முப்பரிமாணத்திலும் வரும், ஆனால் அதற்குத் தடிமனோ எடையோ கிடையாது. பிளானில் இரண்டையும் கண்ணால் பிரிக்கவே முடியாது. தப்பாகப் போட்டுவிட்டால் ஒன்றை மற்றொன்றாக மாற்ற 'கன்வெர்ட் லைன்ஸ்' என்ற கட்டளை உண்டு. ஆட்டோகேட் படத்தை அப்படியே இறக்குமதி செய்தாலும் இதே கதைதான். முப்பரிமாணத்தில் திருப்பிப் பார்த்தால் அது தரையில் விரித்த கோலம் போலத் தட்டையாகக் கிடக்கும்.

ஸ்கெட்ச்அப் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு வேடிக்கை. கோப்பைத் திறந்ததும் நடுவில் ஓர் ஆள் நிற்பார். அளவு தெரிவதற்காக வைத்த உருவம். நீங்கள் எந்தப் பக்கம் சுற்றினாலும் அவர் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார், முதுகைக் காட்டவே மாட்டார். அவர் அட்டையில் வெட்டிய ஆள். பார்க்கிறவரை நோக்கித் தானே திரும்பும்படி செய்திருக்கிறார்கள். சுற்றிப் பார்த்துச் சோதிக்கும் நம் முதல் வழியையே இவர் ஏமாற்றிவிடுகிறார்! நேர் உச்சியிலிருந்து பாருங்கள். மெல்லிய கோடாகிவிடுவார்.

இவ்வளவு சொன்னதும் தங்கை மகன், "அப்போ எல்லாத்தையும் 3டியிலேயே போட்டுரலாமே மாமா" என்றான். இந்த வயதில் எல்லோரும் சொல்வதுதான். மொட்டைமாடியில் நீர்க்கசிவு தடுக்கும் படலம், ஜன்னல் நிலைக்கும் சுவருக்கும் இடையே பூசும் பசை, ஆணி, திருகு – இவற்றை உருவமாகச் செய்ய ஆரம்பித்தால் கோப்பு யானைக்கால் வந்ததுபோல நகராது. வீடு முழுவதும் உருவமாகவும், ஜன்னல் நிலையின் ஒரு மூலையை 1:5 அளவில் பெரிதாக்கிக் காட்டும் படத்தில் பசையும் திருகும் தட்டையாகவும் இருப்பதே சரியான பங்கீடு. நான் பின்பற்றும் கணக்கு இது. காசு கொடுத்து எண்ணி வாங்குவது, பாரம் தாங்குவது, மனிதர் மேல் இடிக்கக்கூடியது – இந்த மூன்றில் எதில் சேர்ந்தாலும் உருவம். எப்படிப் பொருத்துவது என்று கொத்தனாருக்கு விளக்க மட்டும் வரைவது தட்டை. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் பொருள்களில் நான் உருவத்தின் பக்கம்தான் சாய்வேன். அடிபட்டவன் அப்படித்தான் சாய்வான்.

கட்டட உரிமையாளர்களாகிய பெரியவர்கள் மென்பொருள் கற்க வேண்டியதில்லை. டிராப்ட்ஸ்மேனிடம் மூன்று கேள்வி கேளுங்கள். படிக்கட்டு வழியாக வெட்டிய செக்‌ஷன் எங்கே? அதில் இன்ஜினீயர் கொடுத்த பீம் எல்லாம் இருக்கிறதா? பிளானில் நான் எண்ணிய கதவு ஜன்னலும் உங்கள் பட்டியலும் ஒத்துப்போகின்றனவா? வண்ணப் படத்தைப் பார்த்து மயங்குவதற்கு முன் இதைக் கேட்பது நல்லது. கோபித்துக்கொள்ளும் டிராப்ட்ஸ்மேன் இருந்தால் என்னைப் பற்றிய இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

அன்று மாலை தங்கை மகனின் கோப்பையே இருவரும் சோதித்தோம். கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய ஒரு மாடி வீடு. பிளானில் விரல் வைத்து எண்ணினால் 11 ஜன்னல், பட்டியலில் 8. மூன்றை நண்பனின் படத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறான், மூன்றும் டீடெயில் ஐட்டம். சிறு வீட்டுப் பொத்தானை அழுத்தினோம். அந்த மூன்று இடத்திலும் ஓட்டையில்லாத சுவர். போதாததற்கு எந்த ஜன்னலுக்கும் சன்ஷேடு இல்லை. முன்பக்க எலிவேஷனில் மட்டும் கோடாக வரைந்து வைத்திருக்கிறான். திருவனந்தபுரத்து இடவப்பாதி மழைக்குச் சன்ஷேடு இல்லாத வீடு! "உன் அம்மாவை அந்த ஜன்னல் பக்கம் கட்டில் போட்டுப் படுக்கச் சொல்லு" என்றேன். சிரித்துக்கொண்டே மூன்று ஜன்னலையும் அழித்தான். இரவுச் சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிட்டபோது ஆறாவது சன்ஷேடில் இருந்தான்.